ஸ்பீக்கரை எரித்தவனின் நான்கு நாட்கள்

1

ஸ்பீக்கரை நான்தான் எரித்தேன்.

இந்த மூன்று சொற்களை இங்கே எழுதி முடிக்க அரை நிமிடம் ஆகவில்லை. திருகோணமலையில், பிறந்த வீட்டுக்குள், கூடப் பிறந்த அக்காவிடம் சொல்லி முடிக்க நான்கு நாட்கள் பிடித்தன. அந்த நான்கு நாட்களில், ஒரு பாவமும் அறியாத ஒரு மனிதருக்குக் கிடைக்கவிருந்த வேலையை இல்லாமலாக்கப் பார்த்தேன். எண்பத்து நான்கு வயது அம்மாவைப் பொய்ச்சாட்சி ஆக்கினேன். போதாததற்கு ஒரு செவ்வாய்க்கிழமை காலை பத்து மணிக்கு, எந்த விசேஷமும் இல்லாமல், வீடு முழுக்கச் சாம்பிராணி போட்டேன்.

"ஒரு ஸ்பீக்கருக்கா இந்தக் கூத்து?" என்று ஊரில் இருக்கும் நீங்கள் கேட்பீர்கள். கேளுங்கள். நானும் என்னை அப்படித்தான் கேட்டுக்கொண்டு நான்கு நாட்கள் திரிந்தேன்.

2

மொன்றியலுக்கு வந்து இருபத்தாறு வருடங்கள். நூற்று நாற்பது வீடுகள் உள்ள ஓர் அடுக்குமாடிக் கட்டடத்தில் பராமரிப்பு வேலை பார்க்கிறேன். "பொடியன் எல்லாம் திருத்துவான்" என்று ஊரில் பெயர். உண்மை வேறு. இங்கே திருத்துவதற்கு என்னை விடமாட்டார்கள். அடுப்பு வேலை செய்யவில்லையா, கழற்று, புதிதைப் பூட்டு. குளிர்சாதனப் பெட்டி சத்தம் போடுகிறதா, கழற்று, புதிதைப் பூட்டு. திருத்த எடுக்கும் நேரத்துக்கு எனக்குத் தரும் சம்பளத்தில் புதிதே வாங்கிவிடலாமாம். கழற்றியதைக் கொண்டுபோய் எறிவதுதான் சிரமம். பழைய மின்சாமான் எறியும் இடத்தில், இந்த நகரசபைக்குள்தான் குடியிருக்கிறோம் என்பதற்கு முகவரி அத்தாட்சி கேட்பார்கள். இந்த நாட்டுக்குள் வர நான் காட்டிய கடதாசிகளும், பாண் சுடும் ஒரு உடைந்த ரோஸ்டரைக் குப்பையில் போடக் காட்டும் கடதாசிகளும் ஏறத்தாழ ஒரே தடிப்பு.

பிரெஞ்சு மொழியோடு என் உறவும் அப்படித்தான், இழுபறி. மூன்றாம் மாடிக் கிழவி ஒருவரிடம் அவருடைய அடுப்பின் காலம் முடிந்துவிட்டது என்று சொல்ல வெளிக்கிட்டு, அவருடைய காலமே முடிந்துவிட்டது என்று சொல்லிவிட்டேன். பாவம், மனிசி அப்படியே கதிரையில் இருந்துவிட்டது. நான் தண்ணீர் எடுத்துக் கொடுத்தேன்.

பதினொரு வருடங்களுக்கு முன், அன்புவழிபுரத்தில் இருக்கும் எங்கள் வீட்டுக்கு ஒரு கொம்பியூட்டரும், பாண் பெட்டி அளவில் இரண்டு ஸ்பீக்கர்களும் கப்பலில் அனுப்பினேன். அனுப்பியவன் நான் என்று பெயர். பொதியைச் சுங்கத்தில் இருந்து மீட்க இரண்டு தரம் கொழும்புக்குப் பஸ் ஏறியவர் அக்கா. நான் அனுப்பிய கடதாசியில் பெயரின் ஓர் எழுத்துப் பிழை. அதைச் சரிசெய்ய இரண்டாவது பயணம். அப்போது அக்கா பள்ளிக்கூடத்தில் உப அதிபர். லீவு எடுத்துப் போய்வந்தார். எனக்கு அனுப்பிய செய்தி ஒரே வரி: "சாமான் வந்து சேர்ந்தது. நன்றாக இருக்கிறது."

அம்மாவுக்குக் காது மந்தம். தொலைபேசியைக் காதில் வைத்தால் "ஆர்? ஆர்?" என்பதோடு சரி. ஆனால் அந்த இரண்டு ஸ்பீக்கர்களையும் அவருடைய கதிரைக்கு இந்தப் பக்கம் ஒன்றும் அந்தப் பக்கம் ஒன்றுமாக வைத்து, சத்தத்தை முழுதாகத் திருகிவிட்டால், நான் கதைப்பது ஒவ்வொரு சொல்லாக விளங்கும். அம்மாவுக்கு மட்டுமா? ஒழுங்கையில் உள்ள அத்தனை வீட்டுக்கும் விளங்கும். பதினொரு வருட ஞாயிற்றுக்கிழமைகள். இந்த முறை போய் இறங்கி, ஒழுங்கை முகப்பில் ஓட்டோவுக்குக் காசு கொடுத்துக்கொண்டு நிற்கையில், முன்பின் தெரியாத ஒரு மீன்காரர் சைக்கிளை நிறுத்திக் கேட்டார்: "தம்பி, முழங்கால் இப்ப எப்பிடி? கொலஸ்ரோல் குறைஞ்சிட்டுதோ?"

என் மகள் அபியின் தமிழையும் ஒழுங்கைக்குத் தெரியும். "சுகமா அப்பம்மா? சாப்பிட்டீங்களா? பிறகு கதைக்கிறன்." பத்தொன்பது வயது, மூன்று வசனம். இப்போதெல்லாம் மூன்றாவதில் இருந்தே தொடங்குகிறாள்.

3

பத்து நாள் லீவில் போனேன். இரண்டாம் நாள் செவ்வாய்க்கிழமை. அக்கா பென்ஷன் அலுவலாகப் பட்டணத்துக்குப் போயிருந்தார். அம்மா கதிரையில். எனக்கு நித்திரையும் இல்லை, விழிப்பும் இல்லை. வெளிநாட்டில் இருந்து வந்து சும்மா இருக்கும் ஆம்பிளைக்கு ஒரு வியாதி வரும்: ஏதாவது உதவி செய்யவேண்டும். வீட்டுக்காரர் பயப்படவேண்டியது இந்த வியாதிக்குத்தான்.

கொம்பியூட்டர் மேசைக்குப் பின்னால் தூசு தட்டப் போனேன். இரண்டுக்கும் சேர்த்துக் கரண்ட் வாங்கும் ஸ்பீக்கரின் முதுகில் பிளாஸ்டர் ஒட்டியிருந்தது. மருந்து கட்டும் வெள்ளைப் பிளாஸ்டர். அதில் நீலப் பேனையால் "தொடவேண்டாம்" என்று எழுதியிருந்தது. தொழில் தெரிந்தவன் அல்லவா நான்? நகத்தால் கிளப்பி உரித்தேன். உள்ளே சின்னச் சிவப்புச் சுவிட்ச். அதில் 230 என்று தெரிந்தது.

"ஆரோ மடையன் பிழையா விட்டிருக்கிறான்" என்று நினைத்தேன். எங்கள் வீட்டில் 115 தானே? பேனை முனையால் தள்ளி 115க்குக் கொண்டுவந்தேன். எவ்வளவு திருப்தி! கரண்டைப் போட்டேன்.

டப்.

பிறகு ஒரு சீறல். பிறகு முதுகுத் துளை வழியாக நூல் மாதிரிப் புகை. அந்தப் புகை முகத்தில் பட்டபோதுதான் ஞாபகம் வந்தது: 115 மொன்றியலின் கரண்ட். இலங்கையின் கரண்ட் 230. ஊரில் பிறந்து, ஊர்க் கரண்டில் இரண்டு தரம் அடி வாங்கி வளர்ந்தவன் நான். ஆனால் "எங்கள் வீடு" என்று நினைத்தவுடன் கை மொன்றியலுக்குப் போய்விட்டது.

"தம்பி, புகை வருது" என்றார் அம்மா, ஆறடி தள்ளி இருந்து. காதுதான் மந்தம். கண் கழுகுக் கண்.

அடுத்த ஐந்து நிமிடங்களில் நான் செய்தவை: பிளக்கைப் பிடுங்கினேன். சுவிட்சைப் பழையபடி 230க்குத் தள்ளினேன். பிளாஸ்டரைத் திரும்ப ஒட்டப் பார்த்தேன், அது ஒட்டவில்லை. பொக்கற்றுக்குள் வைத்தேன். பத்திரிகையால் விசிறினேன். ஜன்னல்களைத் திறந்தேன். எரிந்த பிளாஸ்ரிக் மணம் போகாததால் சாமி அறைக்குள் ஓடி, தணலும் தட்டும் தேடி, சாம்பிராணி போட்டேன். இப்போது வீட்டில் பிளாஸ்ரிக் கோயில் ஒன்று எரிவது மாதிரி மணந்தது.

அக்கா படலையைத் திறந்துகொண்டு வந்தார். மூக்கைச் சுருக்கினார்.

"என்னடா இண்டைக்குச் சாம்பிராணி?"

நான் வாயைத் திறக்க முதல் அம்மா சொன்னார்: "நான்தான் போடச் சொன்னனான். நுளம்பு."

காலை பத்து மணிக்கு நுளம்பு கடிக்கிறதாம். எனக்கே சிரிப்பு வந்தது. ஆனால் அன்று பின்னேரம் அக்கா ஸ்பீக்கரைப் போட்டுப் பார்த்து, சத்தம் வராமல், "அம்மா, இதுக்கு என்ன நடந்தது?" என்று கேட்டபோது அம்மா சொன்ன பதிலுக்குச் சிரிப்பு வரவில்லை.

"அது தன்பாட்டில புகைஞ்சது பிள்ளை. தம்பி கிட்டவும் போகேல்லை."

நான் கேட்கவில்லை. கண்ணைக்கூடக் காட்டவில்லை. அம்மா தானாகவே எனக்காகப் பொய் சொன்னார். நான் தேநீர்க் கோப்பைக்குள் பார்த்துக்கொண்டு, பிள்ளைப் பருவத்தில் எப்படி நன்றியோடு மூச்சு விடுவேனோ அப்படி மூச்சு விட்டேன்.

4

இங்கேதான் கதை சிக்குகிறது. ஸ்பீக்கர் தன்பாட்டில் புகைந்தால் யாரில் பிழை? கடைசியாகத் தொட்டவரில். கடைசியாகத் தொட்டவர் நௌபல்.

நௌபல் கிண்ணியாவில் இருந்து தினமும் பஸ்ஸில் வந்து, உட்துறைமுக வீதிக்குப் பின்னால் ஓர் ஒழுங்கையில் திருத்தகம் வைத்திருப்பவர். முப்பத்தைந்து வயது இருக்கும். போன மாதம்தான் இந்த ஸ்பீக்கரின் சத்தம் கூட்டும் குமிழைத் திருத்தி, மூன்று மாதக் கேரண்டி கொடுத்திருந்தார். பிளாஸ்டர் ஒட்டியவரும் அவரே.

"கேரண்டி இருக்கு" என்றார் அக்கா. "வியாழக்கிழமை கொண்டுபோய்க் குடுப்பம்."

"ஏன் அக்கா, பழசு. நான் புதுசு வாங்கித் தாறன்" என்றேன்.

"கேரண்டி இருக்கேக்க ஏன் புதுசு?"

காரணத்தை அக்காவிடம் சொல்லமுடியாது. திருத்தக் கொடுத்தால் நௌபல் திறந்து பார்ப்பார். பார்த்தால் தெரிந்துவிடும். புதிது வாங்கினால் பழையது குப்பைக்குப் போகும். என் குற்றமும் அதற்குள் இருந்துகொண்டு போகும். இருபத்தாறு வருடங்களாக நான் பார்க்கும் தொழிலின் தத்துவமே இதுதான் போலும்.

"நல்ல வேளை, இப்பவே தெரிஞ்சுது" என்று அக்கா தொடர்ந்தார். "ஸ்கூல் கொம்பியூட்டர் அறையைப் பாக்க ஒரு ஆள் வேணுமெண்டு அதிபர் கேட்டவ. என்ர பிள்ளைதான், நான் படிப்பிச்ச பிள்ளை. நான் நௌபலைச் சொல்லுவம் எண்டிருந்தனான். வெள்ளிக்கிழமை முடிவு சொல்லவேணும். ஒரு குமிழைத் திருத்தி ஸ்பீக்கரை எரிக்கிற ஆளிட்ட இருபத்திரண்டு கொம்பியூட்டரை எப்பிடி நம்பிக் குடுக்கிறது?"

அக்காவின் ஒரு சொல்லுக்கு அந்தப் பள்ளிக்கூடத்தில் இன்றும் மறுசொல் இல்லை. வெள்ளிக்கிழமை வரும், அக்கா "வேண்டாம்" என்பார், நௌபலுக்கு ஏன் என்றே தெரியாமல் வேலை போகும். எனக்கு ஏன் என்று தெரியும். நான் இன்னொரு கோப்பை தேநீர் கேட்டேன்.

5

புதன்கிழமை காலை, யாரும் கேளாமலே பட்டணத்துக்குப் போய்ப் புதிய ஸ்பீக்கர் ஒன்று வாங்கி வந்தேன். தேங்காய் அளவில் உருண்டையாக, கம்பி இல்லாதது. தட்டினால் நீல வெளிச்சம். அதற்குள் ஒரு பெண்குரல், இணைப்புக் கிடைத்துவிட்டது என்று ஆங்கிலத்தில் அறிவித்தது.

"இதுக்குள்ள ஆர்?" என்றார் அம்மா.

"ஒருத்தரும் இல்லை அம்மா. மெஷின்."

"உன்ர மனிசியோ?"

என் மனைவி தமிழ்ப் பெண்தான். நாற்பது வயதுக்கு மேல் ஆங்கிலத்தில் பேசி அம்மாவை மயக்கும் எண்ணம் அவளுக்கு இல்லை. நான் குசினிக்குப் போய் நின்று தொலைபேசியில் கூப்பிட்டு, பரிசோதனையாகக் கதைத்தேன். அம்மா உருண்டையைக் காதோடு வைத்துக்கொண்டு கேட்டார். கடைசியில் தீர்ப்புச் சொன்னார்: "எறும்பு கதைக்கிற மாதிரிக் கிடக்கு."

அக்கா அதை வாங்கி அலுமாரிக்குள் வைத்தார். "நல்லாத்தான் இருக்கு. வைப்பம்" என்றார். நான் அனுப்பிய எத்தனையோ சாமான்கள் அந்த அலுமாரிக்குள் அதே சொற்களோடு போயிருப்பதைப் பார்த்தேன். இரத்த அழுத்தம் பார்க்கும் மெஷின். கால் பிடிக்கும் மெஷின். மூன்று குளிர் ஜக்கெற். திருகோணமலைக்கு.

வியாழக்கிழமை அக்காவின் ஸ்கூட்டியில் பின்னால் இருந்து, மடியில் ஸ்பீக்கர்ப் பெட்டியோடு போனேன். அக்காவுக்கு அறுபத்தொரு வயது. பள்ளம் திட்டி எதற்கும் வேகம் குறைக்கமாட்டார். பட்டணத்துக்குள் மாடுபோல் திரியும் மான்களில் ஒன்று, பஸ் நிலையத்தடியில் வீதிக்கு நடுவில் நின்றது. அதற்குத்தான் பிறேக் போட்டார்.

நௌபல் எழுந்து கதிரை இழுத்துப் போட்டார். "வாங்க டீச்சர். இது தம்பியா? ஸ்பீக்கர்ல கதைக்கிறவரா?" என்று என்னைப் பார்த்துச் சிரித்தார். குமிழ் திருத்தி, எங்கள் வீட்டில் கொண்டுவந்து பூட்டியபோது ஒரு ஞாயிற்றுக்கிழமை என் குரலைக் கேட்டிருக்கிறாராம்.

முதுகுத் தகட்டைக் கழற்றினார். மூக்கைக் கிட்டக் கொண்டுபோனார். உள்ளே கறுத்து, வீங்கி, வாய் பிளந்து கிடந்தவற்றைப் பார்த்தார். தகட்டைத் திருப்பிச் சுவிட்சைப் பார்த்தார். பிளாஸ்டர் இருந்த இடத்தில் பசை மட்டும் சதுரமாக மினுங்கியது. அதை விரலால் தடவினார். பிறகு தலையை நிமிர்த்தி என்னைப் பார்த்தார். ஒரு செக்கன்தான். எல்லாம் விளங்கிவிட்டது என்று எனக்கு விளங்கிவிட்டது.

நான் கடை வாசலில் நின்ற இன்னொரு மானைப் பார்க்கத் தொடங்கினேன். அது எங்கள் மட்டைப் பெட்டியின் மூலையைச் சப்பிக்கொண்டிருந்தது. வாழ்க்கையில் நான் ஒரு மிருகத்தை அவ்வளவு கவனமாகப் பார்த்ததில்லை.

"சொல்லும் நௌபல். என்ன நடந்தது?" அக்காவின் குரலில் உப அதிபர் வந்திருந்தார்.

"நம்மட வேலைலதான் பிழை போல இரிக்கு டீச்சர்" என்றார் நௌபல், மெதுவாக. "நான் சாமான் மாத்தித் தாறன். ஒண்டும் தர வேணாம்."

"உம்மை நான் நம்பினனான்."

"ஓம் டீச்சர்."

அவ்வளவுதான். அவர் தலையைக் குனிந்துகொண்டார். அக்கா ஹெல்மெட்டைப் போட்டுக்கொண்டார். நான் மானிடம் விடைபெற்றுக்கொண்டு பின்னால் ஏறினேன்.

அன்று பின்னேரம், "ஒருக்கா நடந்துபோட்டு வாறன்" என்று சொல்லிவிட்டு ஓட்டோ பிடித்து நௌபலிடம் போனேன். கேட்பதற்கு முதலே ஒப்புக்கொண்டேன். அவரிடம் சொல்வது சுகம். அவருக்கு ஏற்கனவே தெரியும்.

"ஏன் நௌபல் அப்பிடிச் சொன்னனீங்கள்? நான்தான் எண்டு தெரியுமே."

"தெரியும் அண்ணன். ஆனா நீங்க பத்து நாளைக்கு வந்திரிக்கிற ஆள். டீச்சர் இங்க வந்தா உங்கட கதைதான். கனடால பெரிய கட்டடம் ஒண்டையே நம்மட தம்பிதான் பாக்கிற எண்டு பெருமையாச் சொல்ற. அந்த டீச்சருக்கு முன்னால வச்சு உங்களை எப்பிடி அண்ணன் சொல்ற?"

"ஸ்கூல் வேலை போகப்போகுது. உங்களுக்குத் தெரியுமோ?"

அவருக்குத் தெரியாது. கையில் இருந்த ஸ்க்ரூ டிரைவரை மேசையில் வைத்தார். அந்த வேலை வந்தால் கடையை மெயின் வீதிப் பக்கம் எடுக்கலாம் என்று மனைவியிடம் சொல்லி வைத்திருந்தாராம். "சரி அண்ணன்" என்றார். "நான் போய்ச் சொல்லமாட்டன். நீங்க சொல்றண்டாச் சொல்லுங்க."

திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். பால் இல்லாத பிளேன்ரீ ஒன்று ஊற்றித் தந்தார்.

வீட்டுக்கு வந்தபின் அபி வீடியோவில் கூப்பிட்டாள். அங்கே அவளுக்குக் காலை. அக்காவுக்குக் கேட்காமல் முற்றத்தில் நின்று, நடந்ததை ஒரு பகிடிக் கதையாகச் சொன்னேன். சாம்பிராணியில் சிரித்தாள். மானில் விழுந்து சிரித்தாள். நௌபலில் சிரிப்பு நின்றது.

"அப்பா, நீங்க பொய் செய்யிறீங்களா?"

"பொய் செய்யிறதில்லை அபி, சொல்லுறது."

"ஓகே. சொல்லுறீங்களா?"

"இல்லை. நான் ஒண்டுமே சொல்லேல்லை. அதுதான் பிரச்சினை."

"அப்ப மாமிக்குச் சொல்லுங்கோ" என்றாள். மாமி என்றது அக்காவை. "பிறகு கதைக்கிறன்."

6

வெள்ளிக்கிழமை காலை அக்கா சேலை கட்டி, பள்ளிக்கூடத்துக்குப் போக வெளிக்கிட்டு நின்றார். அம்மா கதிரையில். நான் விறாந்தையில் வழி மறித்தேன். பழக்கதோஷத்தில் பகிடிதான் முதலில் வந்தது. இரண்டு கையையும் விலங்கு போட்டமாதிரி நீட்டினேன்.

"டீச்சர், குற்றவாளி சரணடையிறான். ஸ்பீக்கரை எரிச்சவன் நான்."

அக்கா சிரித்தார். அந்தச் சிரிப்பில் அன்பு இருந்தது, அதுதான் கொடுமை. "நௌபலைக் காப்பாத்த நாடகமோ? உனக்கு எப்பவும் இளகின மனசு. ஆனா இது வேலை விஷயமடா."

"அவன் பகிடிக்காரன்" என்றார் அம்மா.

ஐம்பத்து மூன்று வருடங்களாகச் சேர்த்துவைத்த பெயர் சரியான நேரத்தில் வந்து கழுத்தைப் பிடித்தது. நான் உண்மை சொன்னால் அது பகிடி. போதாததற்கு நல்ல மனசு வேறு.

கைகளைக் கீழே போட்டேன். "அக்கா, பகிடி இல்லை. பின்னால சிவப்புச் சுவிட்ச் இருக்கு. 230இல இருந்தது. நான் 115க்குத் தள்ளினனான்."

"அதில பிளாஸ்டர் ஒட்டியிருந்ததே."

"உரிச்சனான்."

"தொடவேண்டாம் எண்டு எழுதியிருந்ததே."

"வாசிச்சனான்."

அக்கா கைப்பையை மேசையில் வைத்தார். அக்காவிடம் படித்தவர்கள் இந்த முகத்தைப் பற்றிச் சொல்லக் கேட்டிருக்கிறேன். அது என் பக்கம் திரும்பியதில்லை. இப்போதும் திரும்பவில்லை. அம்மாவின் பக்கம் திரும்பியது.

"அம்மா. நீங்கள் பாத்தீங்களோ?"

"என்ன பிள்ளை?"

"இவன் சுவிட்சைத் தட்டினதைப் பாத்தீங்களோ?"

"எனக்கு எப்பிடிக் கேக்கும்? ஸ்பீக்கர்தான் எரிஞ்சு போச்சே."

சிரிக்கக் கூடாத நேரத்தில் எனக்குச் சிரிப்பு முட்டியது. அக்காவுக்கு முட்டவில்லை. அம்மாவின் கதிரைக்கு முன்னால் குந்தி இருந்து, முகத்துக்கு நேரே, ஒவ்வொரு சொல்லாகச் சொன்னார்.

"போன மாசம் நான் ஒரு பீங்கான் கோப்பை உடைச்சனான். எத்தினை நாள் அதைச் சொல்லிச் சொல்லிப் பேசினனீங்கள்? இவன் ஸ்பீக்கரை எரிக்க, இவனுக்காகப் பொய் சொல்லுறீங்கள். நான் போய் அந்த மனிசனை மூஞ்சிக்கு நேர ஏசிப்போட்டு வந்தனான். இது என்னம்மா நியாயம்?"

அம்மா அக்காவின் கையைப் பிடித்தார். இந்த முறை காது நன்றாகவே கேட்டிருந்தது.

"அவன் போயிடுவான் பிள்ளை. நீ நிப்பாய்தானே."

அம்மாவின் மனதில் அது ஒரு விளக்கம், நியாயமான விளக்கம். அக்கா கையை இழுக்கவில்லை. எழுந்து, சேலைக் கொசுவத்தைச் சரிசெய்து, வெளியில் போய் ஸ்கூட்டியை ஸ்டார்ட் செய்தார். நான் விறாந்தைத் தூணோடு நின்றேன்.

"என்ன பாத்துக்கொண்டு நிக்கிறாய்? ஏறு."

7

பள்ளிக்கூடத்தில், அதிபரின் மேசைக்கு முன்னால் நிறுத்தினார். அதிபருக்கு என்னைவிடப் பத்து வயது குறைவு. அக்கா சொன்னார்: "நௌபலைப் போடுங்கோ பிள்ளை. வேலை சுத்தம். நான் அவரில ஒரு பிழை நினைச்சனான். பிழை அவரில இல்லை, இவரில." என்னைக் கையால் காட்டினார். நான் தலையாட்டினேன். அதிபர் என்னிடம் என்ன கேட்பதென்று தெரியாமல், "கனடாவில குளிரோ?" என்று கேட்டார். குளிர்தான் என்றேன்.

நௌபல் ஜும்மா தொழுகை முடிந்து கடை திறக்க மூன்று மணி ஆனது. கடையில் இரண்டு பேர் போன் திருத்த நின்றார்கள். அவர்கள் போகட்டும் என்று நான் நினைத்தேன். அக்கா அப்படி நினைக்கவில்லை. அந்த இருவருக்கும் முன்னால், நின்றபடியே சொன்னார்.

"நௌபல், நேற்று உம்மை ஏசினது பிழை. என்னை மன்னிச்சுக்கொள்ளும்."

"ஐயோ டீச்சர், இருங்க, முதல்ல இருங்க" என்று அவர் பதறிப்போய்க் கதிரையைத் துடைத்தார். ஒரு தரம் துடைத்த கதிரையை இன்னொரு தரம் துடைத்தார்.

அக்கா யாரிடமும் மன்னிப்புக் கேட்டு நான் கண்டதில்லை. கேட்கவேண்டிய வேலை எதையும் அவர் செய்ததில்லை. செய்தது நான், கேட்டது அவர். பிறகுதான் எனக்கும் வாய் வந்தது. நானும் சொன்னேன். என் முறை வந்தபோது அது ஏற்கனவே ஆறிப்போன சோறு.

ஸ்பீக்கரைத் திருத்தலாம் என்றார் நௌபல். ஒரு செத்த அம்பிளிஃபையரில் இருந்து ட்ரான்ஸ்ஃபோமரைக் கழற்றிப் பூட்டலாம். மெல்லிய இரைச்சல் ஒன்று பின்னால் இருந்துகொண்டே இருக்கும். "புதுசு வாங்கறண்டா..." என்று என்னைப் பார்த்தார்.

"திருத்தும்" என்றோம், நானும் அக்காவும்.

திரும்பி வரும்போது உட்துறைமுகக் கரையோரம் அக்கா ஸ்கூட்டியை நிறுத்தினார். எஞ்சின் சூடாகிவிட்டது என்றார். எனக்கு அப்படித் தெரியவில்லை. ஆனால் எஞ்சின் பற்றி வாய் திறக்கும் தகுதியை அந்த வாரம் இழந்திருந்தேன். அவர் ஹெல்மெட்டைக் கழற்றவில்லை. தண்ணீரைப் பார்த்துக்கொண்டே சொன்னார்.

"அடுத்த முறை வரேக்க பத்து நாள் எண்டு வராத. மூண்டு மாசம் வந்து நில். அம்மாவைப் பாத்துக்கொள். நான் ஒருக்கா எங்கையாவது போகவேணும்."

இருபத்தாறு வருடங்களில் அக்கா என்னிடம் கேட்ட முதல் சாமான் இது. கப்பலில் அனுப்ப ஏலாதது. ஒரு பகிடியாவது வரும் என்று நாக்கைத் தேடினேன். வந்தது இதுதான்:

"லீவு பாத்துச் சொல்லுறன்."

"ஓம், பாத்துச் சொல்லு" என்றார். ஸ்டார்ட் செய்தார்.

8

மொன்றியலுக்குத் திரும்பி வந்து மூன்று வாரம். நௌபல் வேலைக்குச் சேர்ந்துவிட்டார் என்று அக்கா எழுதினார். ஸ்பீக்கர் இரைகிறதாம், ஆனால் அம்மாவுக்கு அந்த இரைச்சல் கேட்காதாம்.

லீவு விண்ணப்பம் இரண்டு பக்கம், பிரெஞ்சில். மூன்று மாதம் சம்பளமில்லாத லீவுக்குக் காரணம் கேட்கிறது. காரணங்களை அவர்களே அச்சடித்து, பக்கத்தில் பெட்டி போட்டு வைத்திருக்கிறார்கள்: நோய், பிரசவம், மரணம், படிப்பு. எனக்குப் பொருந்தும் பெட்டி இல்லை. பக்கத்தில் எழுதலாம் என்றால், எழுதினால் யாருக்கு என்ன காலம் முடிந்தது என்று ஆகிவிடுமோ என்று பயம். நேரே மேலாளரிடம் கொண்டுபோனேன். மதாம் லூசி நல்ல மனுசி. முதல் பெட்டியில் பேனையை வைத்துக்கொண்டு, உதவி செய்யும் குரலில் கேட்டார்.

"அம்மாவுக்குச் சுகமில்லையா?"

ஓம் என்று தலையை ஆட்டியிருந்தால் அந்த இடத்திலேயே முடிந்திருக்கும். எண்பத்து நான்கு வயது. யார் வந்து பார்க்கப் போகிறார்கள்? தலை பாதி ஆடியும் விட்டது. பிடித்து நிறுத்தினேன்.

"இல்லை. அம்மா சுகமாக இருக்கிறார். எல்லாரும் சுகம். என் அக்கா ஒரு பயணம் போகவேண்டும். அவர் போனால் அம்மாவைப் பார்க்க ஆள் இல்லை."

லூசி பேனையை எடுத்துக்கொண்டார். அப்படியானால் கஷ்டம், மேலிடத்தில் கேட்கவேண்டும், சில வாரம் ஆகும் என்றார். ஏதோ எழுதினார். பிறகு சும்மா, மரியாதைக்கு, எழுதிக்கொண்டே கேட்டார்:

"எங்கே போகப்போகிறார் உங்கள் அக்கா?"

எனக்குத் தெரியாது. துறைமுகக் கரையில் கேட்கவில்லை. மிச்சம் இருந்த ஐந்து நாளும், ஒரே வீட்டில், ஒரே மேசையில் சாப்பிட்டுக்கொண்டும் கேட்கவில்லை. மூன்று மாதத்தை எப்படிச் சமாளிப்பது என்று இரவு பகலாகக் கணக்குப் பார்த்தேனே தவிர, அந்த மூன்று மாதத்தில் அவர் எங்கே இருப்பார் என்று ஒரு தரமும் நினைத்துப் பார்க்கவில்லை.

வெளியே வந்து, படிக்கட்டில் இருந்துகொண்டு அக்காவின் போனுக்கு அடித்தேன். அங்கே இரவுச் சாப்பாட்டு நேரம். பின்னால் அம்மா "ஆர்? ஆர்?" என்பது கேட்டது.

"அக்கா, ஒண்டு கேக்க மறந்துபோனன். எங்க போகப்போறீங்கள்?"

அம்மாவின் கோப்பையில் எதையோ ஊற்றும் சத்தம் கேட்டது. பிறகு அக்கா சொன்னார்:

"ஏன், இடம் சொன்னாத்தான் லீவு தருவியோ?"